கேபிடல் ஜியைத் தொடாமல் ஈர்ப்பியல் கணக்குப் போடுவது எப்படி?

பதினொன்றாம் வகுப்பு மாதத் தேர்வில் பூமியின் நிறையைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கணக்கு வந்தது. நான் 6 × 10¹⁸ கிலோகிராம் என்று எழுதி, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டேன். திருத்திய ஆசிரியர் பக்கத்தில் சிவப்பு மையில் "இது எந்த ஊர் பூமி?" என்று எழுதி அனுப்பினார். சூத்திரம் சரி, எண்களைப் போட்ட இடம் சரி, மடக்கை அட்டவணை பார்த்ததுகூடச் சரி. 6400 கிலோமீட்டரை மீட்டராக மாற்ற மறந்திருக்கிறேன், அந்த ஆயிரம் வர்க்கமாகி விடை பத்து லட்சம் மடங்கு குறைந்துவிட்டது. கடையில் 40 ரூபாய்த் தக்காளியை நாலு கோடி ரூபாய் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன், பூமியின் நிறை பத்து லட்சம் மடங்கு பிசகியதைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தக்காளி விலை நமக்குத் தெரியும், பூமி எவ்வளவு கனம் என்பது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது எதிர்வீட்டில் ஒரு பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஈர்ப்பியல் பாடம் ஓடிக்கொண்டிருக்கும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கும், நீட் எழுதுகிறவர்களுக்கும், கல்லூரி முதல் வருடத்தில் இயற்பியலைப் பார்த்து மிரண்டவர்களுக்கும் ஆகும்.

முதல் வேலை, கணக்கைப் படித்ததும் பேனாவை எடுத்து நோட்டின் ஓரத்தில் ஒரு ஊகத்தை எழுதுவது. சூத்திரம் அப்புறம். ஊகம் தப்பாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் எழுதியாக வேண்டும். தெரியாத ஒன்றை ஊகிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: கண்டிப்பாக இதைவிடக் குறையாது என்று ஒரு எண், கண்டிப்பாக இதைத் தாண்டாது என்று ஒரு எண், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். டவுன் பஸ் எத்தனை டன்? ஒரு டன்னைவிட நிச்சயம் அதிகம், நூறு டன் நிச்சயம் இருக்காது. பெருக்கினால் 100, வர்க்கமூலம் 10. ஆள் ஏறாத பஸ் ஏறக்குறைய அந்தக் கனம்தான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 50 டன் என்று வரும், அது அபத்தம். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று போகிற இடத்தில் கூட்டுச் சராசரி பெரிய எண்ணின் பக்கமே சாய்ந்துவிடும்.

ஊகிப்பதற்குக் கைவசம் கொஞ்சம் சரக்கு வேண்டும், ஆனால் நிறைய வேண்டாம். சின்ன ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8, ஊகத்துக்கு 10 போதும், பிசகு நூற்றுக்கு இரண்டுதான். பூமியின் ஆரம் 6400 கிலோமீட்டர். நிலா பூமியின் மையத்திலிருந்து 60 பூமி ஆரத் தொலைவில் இருக்கிறது, அதன் நிறை பூமியில் 81இல் ஒரு பங்கு, அதன் ஆரம் பூமியின் ஆரத்தில் கால் பங்குக்குச் சற்று மேலே. ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய பை × 10⁷ நொடி (இது தற்செயல், ஆனால் மறக்கவே மறக்காது). தண்ணீர் ஒரு கன மீட்டர் ஒரு டன், பூமி சராசரியாக அதைப்போல ஐந்தரை மடங்கு அடர்த்தி. இவ்வளவு போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஈர்ப்பியல் பாடத்தைத் திறந்ததும் கேபிடல் ஜி, அதாவது ஈர்ப்பியல் மாறிலி, 6.67 × 10⁻¹¹ என்று ஒரு எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பக்கத்தில் பூமியின் நிறை 6 × 10²⁴. ஒன்றில் அடுக்கு மைனஸ், ஒன்றில் பிளஸ், கீழே ஆரத்தில் 10⁶, அதற்கு வர்க்கம் வேறு, நடுவில் எங்காவது ஒரு அடுக்கு கைநழுவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரும்பாலான கணக்குகளில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியாகத் தேவையே இல்லை. கேபிடல் ஜியையும் பூமியின் நிறையையும் பெருக்கினால் கிடைப்பது சின்ன ஜி × பூமி ஆரத்தின் வர்க்கம். சின்ன ஜி நம் கையில் இருக்கிறது, ஆரமும் இருக்கிறது. ஆகவே கணக்கில் "பூமி" என்ற சொல் வந்தாலே கேபிடல் ஜியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு விகிதத்தில் யோசியுங்கள்.

விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அது 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, அங்கே சின்ன ஜி எவ்வளவு? இதைக் கேட்டதும் எதிர்வீட்டுப் பெண் ஓரத்தில் ஊகமாகப் பூஜ்யம் என்று எழுதினாள். "அங்கே எல்லாரும் மிதக்கறாங்களே, அப்புறம் எப்படீங்கண்ணா கிராவிட்டி இருக்கும்?" நியாயமான கேள்விதான், ஊகத்தை எழுதச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது, நேராகச் சூத்திரத்துக்குப் போயிருந்தால் உள்ளேயே கிடந்திருக்கும். சரி, விகிதம் போடுவோம். பூமியின் மையத்திலிருந்து விலக விலக, ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். மையத்திலிருந்து தரைக்கு 6400, நிலையத்துக்கு 6800. 6400 ÷ 6800 = 0.94, வர்க்கம் 0.886. 9.8ஐ அதால் பெருக்கினால் 8.7. தரையில் இருக்கிற ஈர்ப்பில் கிட்டத்தட்ட ஒன்பதில் எட்டுப் பங்கு அங்கேயும் இருக்கிறது. மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அதற்குள் இருக்கிற ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், கூடவே நொடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால் தரையைத் தவறவிட்டுக்கொண்டே விழுகிறார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கேள்வியில் தருவது உயரம், சூத்திரம் கேட்பது மையத்திலிருந்து தொலைவு. 400ஐ அப்படியே போட்டால் ஈர்ப்பு தரையில் இருப்பதைப்போல 256 மடங்கு என்று வரும். மேலே போகப் போக ஈர்ப்பு குறையும் என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

நிலாவில் சின்ன ஜி? நிறை 81இல் ஒரு பங்கு, அதனால் ஈர்ப்பு 81ஆல் வகுபடும். ஆரம் 3.7 மடங்கு சிறியது, அதனால் 3.7 × 3.7, அதாவது 13.7ஆல் பெருகும். 13.7 ÷ 81 = 0.17, சின்ன ஜி ஏறக்குறைய 1.66. புத்தகத்தில் 1.62 என்று இருக்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3இன் லேண்டர் நிலாவில் இறங்கியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள், வேகத்தைக் குறைத்துக் குறைத்து இறங்கும்போது அதைக் கீழே இழுத்தது இந்த 1.62தான். இந்த விடைக்கு நாம் எழுதியது ஒன்றரை வரி.

விடுபடு வேகமும், அதாவது பூமியின் ஈர்ப்பை விட்டுத் தப்பிப் போக வேண்டிய வேகமும், அப்படியே. 2 × சின்ன ஜி × ஆரம், அதற்கு வர்க்கமூலம்: 2 × 9.8 × 6.4 × 10⁶ = 1.25 × 10⁸, மூலம் 11,200, நொடிக்கு 11.2 கிலோமீட்டர். அந்த 2ஐ எடுத்துவிட்டால் தரையை ஒட்டிச் சுற்றுகிற துணைக்கோளின் வேகம், 7.9.

புவிநிலைத் துணைக்கோள் கணக்கு தேர்வில் அடிக்கடி வரும், பிள்ளைகள் அடிக்கடி கோட்டைவிடுவதும் அதில்தான். பூமியோடு சேர்ந்து 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும், உயரம் எவ்வளவு? புத்தக வழியில் போனால் கனமூலத்துக்குள் கேபிடல் ஜி, நிறை, காலத்தின் வர்க்கம், கீழே நான்கு பை வர்க்கம். நம் வழி வேறு. தரையை ஒட்டிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? 2 பை × (ஆரம் ÷ சின்ன ஜி)இன் வர்க்கமூலம். 6.4 × 10⁶ஐ 9.8ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 808, அதை 6.28ஆல் பெருக்கினால் 5075 நொடி, சுமார் 85 நிமிடம். 24 மணி நேரம் என்பது இதைப்போல 17 மடங்கு. காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதம் என்கிறது கெப்ளர் விதி. 17இன் வர்க்கம் 289. எந்த எண்ணின் கனம் 289? ஆறுக்கு 216, ஏழுக்கு 343, நடுவில் 6.6. ஆக மையத்திலிருந்து 6.6 பூமி ஆரம், 42,000 கிலோமீட்டர் சொச்சம், அதிலிருந்து ஒரு ஆரத்தைக் கழித்தால் உயரம் ஏறக்குறைய 36,000. அந்த ஒரு ஆரத்தைக் கழிக்க மறக்கிறவர்கள் அநேகம், வினாத்தாள் போடுகிறவருக்கும் அது தெரியும், அதனால் 42,000 என்பதும் ஒரு விடையாகப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்த கணக்கு இன்னொன்று, நியூட்டன் போட்டுப் பார்த்தது. மரத்திலிருந்து விழும் காய் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலா 60 மடங்கு தொலைவில் இருக்கிறது, ஈர்ப்பு 3600 மடங்கு குறைய வேண்டும். 4.9 மீட்டரை 3600ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிஜமாகவே நிலா ஒரு நொடியில் அவ்வளவுதான் விழுகிறதா? 3.84 × 10⁸ மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை 27.3 நாளில் சுற்றுகிறது, வேகம் நொடிக்கு 1020 மீட்டர் சொச்சம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 0.00272, ஒரு நொடியில் விழுவது அதில் பாதி, 1.36 மில்லிமீட்டர். இரண்டு பக்கமிருந்து வந்த எண்கள் ஒன்றையொன்று தொடுகிற இந்த இடத்தை ஒருமுறையாவது உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். படிப்பதும் போடுவதும் ஒன்றல்ல.

கேபிடல் ஜி எப்போது வேண்டும் என்றால், பூமியின் நிறையையே கேட்கும்போதும், பூமி இல்லாத இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும்போதும். 1798இல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு அளந்த பிறகுதான் பூமியின் கனம் ஓரளவு துல்லியமாகத் தெரியவந்தது. என் பழைய கணக்கை இப்போது சரியாகப் போடுகிறேன்: 10 × (6.4 × 10⁶)² = 4.1 × 10¹⁴, அதை 6.67 × 10⁻¹¹ஆல் வகுத்தால் 6 × 10²⁴. சரிபார்க்க வேறு பாதையில் வாருங்கள்: கோளத்தின் கன அளவு ஏறக்குறைய 4 × ஆரத்தின் கனம், அதாவது 10²¹ கன மீட்டர், ஒவ்வொன்றும் ஐந்தரை டன், மொத்தம் 5.5 × 10²⁴ கிலோகிராமுக்குச் சற்று மேலே. இதை அன்றைக்குச் செய்திருந்தால் 10¹⁸ பல்லிளித்திருக்கும்.

இரண்டு ஆள்கள், தலா 60 கிலோ, ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார்கள், இழுப்பு எவ்வளவு? 3600 × 6.67 × 10⁻¹¹, அதாவது 2.4 × 10⁻⁷ நியூட்டன். இந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லாது, எனக்கும்தான். ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டால்தான் உயிர் வரும். இரண்டு மில்லிகிராம் கொசு ஒன்று கையில் உட்கார்ந்தால் 2 × 10⁻⁵ நியூட்டன். அதில் எண்பதில் ஒரு பங்குதான் அந்த இழுப்பு.

இன்னொரு குழப்பம், நிலையாற்றலுக்கு நிறை × சின்ன ஜி × உயரம் போடுவதா, மைனஸ் குறி உள்ள பெரிய சூத்திரமா என்பது. உயரம் பூமி ஆரத்தில் நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். மலை உச்சி, விமானம் என்றால் ஒன்றுகூட இல்லை, எளிய சூத்திரம் போதும். 400 கிலோமீட்டருக்கு ஆறு சதவீதம் பிசகும். ஒரு பூமி ஆரம் மேலே போனால் எளிய சூத்திரம் உண்மையைப்போல இரண்டு மடங்கு காட்டும், அங்கே அதைத் தொடவே கூடாது.

சரி, அளவிடுவதற்கு வருவோம், ஊகம் இங்கேதான் ருசிக்க ஆரம்பிக்கும். சின்ன ஜியை வீட்டிலேயே அளக்க ஆசைப்பட்டு எதிர்வீட்டுப் பெண் முதலில் மொட்டைமாடியிலிருந்து ரப்பர் பந்தைப் போட்டுப் போனில் ஸ்டாப்வாட்ச் பார்த்தாள். உயரம் 4 மீட்டர், 0.9 நொடி வர வேண்டும். ஒரு தடவை 0.7 வந்தது, சின்ன ஜி 16. அடுத்த தடவை 1.1, சின்ன ஜி 6.6. விரல் 0.2 நொடி முன்பின்னாக அழுத்துகிறது, அது 0.9இல் நூற்றுக்கு 22, காலம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரண்டு மடங்காகிறது. அப்புறம் வாசல் உத்திரத்தில் நூல் கட்டிப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம், முடிச்சிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர், லேசாக ஆட்டிவிட்டு இருபது ஆட்டத்தை எண்ணினாள். பூட்டு போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று, முதல் தடவை போனதையே ஒன்று என்று எண்ணிவிட்டுக் ஒரு ஆட்டத்தின் நேரம் பாதியாகிவிட்டதே என்று விழித்தாள். இரண்டாம் தடவை 40.3 நொடி. ஒரு ஆட்டத்துக்கு 2.015, நான்கு பை வர்க்கத்தை நூலின் நீளத்தால் பெருக்கி அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சின்ன ஜி 9.7. அதே விரல், அதே 0.2 நொடி, ஆனால் இப்போது அது 40இல் ஒரு சொட்டு. எதை அளப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கிணறும் அப்படித்தான். கல்லைப் போட்டு, 'டுப்' என்று கேட்க இரண்டு நொடி ஆனால் ஆழம் சின்ன ஜியில் பாதி × நேரத்தின் வர்க்கம், அதாவது 5 × 4 = 20 மீட்டர், நம் கணக்கில் பத்து ஆள் மட்டத்துக்கு மேலே. ஒலி மேலே வர எடுக்கும் நேரத்தைக் கழிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 20ஐ 340ஆல் வகுத்தால் 0.06 நொடி, ஆழத்தில் ஒரு மீட்டர் சொச்சம் குறையும். விரலின் 0.2 நொடியோ ஆழத்தை 16இலிருந்து 24 வரை ஆட்டிவைக்கிறது. ஒலியின் வேகத்தை வினாவில் கொடுத்திருந்தால் இருபடிச் சமன்பாடு போடுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். நிஜக் கிணற்றங்கரையில் அதை விட்டுவிடலாம்.

இந்த மாதிரி ஊகத்துக்குப் பேர்போனவர் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது, அதிர்வலை வந்த நேரத்தில் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விட்டு, அவை எவ்வளவு தூரம் தள்ளிப் போய் விழுந்தன என்று பார்த்து, பத்தாயிரம் டன் டிஎன்டிக்குச் சமம் என்று சொன்னாராம். உண்மை அதைப்போல இரண்டு மடங்கு அளவில் இருந்தது. காகிதத் துண்டுக்கு இது பிரமாதம்.

எங்கள் ஊர் பவானிப் பக்கம், அதனால் எங்களுக்குப் பெரிய கணக்கு என்றால் மேட்டூர் அணைதான். அணை நிரம்பியிருக்கிறது, 120 அடி, 93.47 டிஎம்சி. அந்தத் தண்ணீர் முழுவதையும் மின்சாரமாக்கினால் தமிழ்நாட்டுக்கு எத்தனை நாள் வரும்? அவள் ஓரத்தில் 'மூன்று மாதம்' என்று எழுதினாள். நான் ஒரு வாரம் என்று நினைத்தேன்.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது 2.83 கோடி கன மீட்டர். 93.47ஆல் பெருக்கினால் 265 கோடி கன மீட்டர், அத்தனை டன், கிலோவில் 2.65 × 10¹². உயரம்? 120 அடி என்றால் 36 மீட்டர், ஆனால் எல்லாத் தண்ணீரும் மேல்மட்டத்தில் இல்லை, நடுமட்டத்தை எடுக்க வேண்டும். நீர்த்தேக்கம் மேலே அகலம், கீழே குறுகல், அதனால் பாதிக்குச் சற்று மேலே, 20 மீட்டர் என்று வைப்போம். நிறை × 10 × 20 = 5.3 × 10¹⁴ ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 × 10⁶ ஜூல். வகுத்தால் சுமார் 15 கோடி யூனிட். தமிழ்நாடு கோடையில் ஒரே நாளில் 40 கோடி யூனிட்டைத் தாண்டுகிறது.

"ஒரு நாளைக்குக்கூடப் பத்தாதுங்களாண்ணா?" என்றாள். நானும் நம்பவில்லை, அடுக்கில் எங்காவது சறுக்கிவிட்டோமோ என்று திரும்பவும் போட்டோம். அதே எண். சுழலி அணையின் அடியில் இன்னும் கீழே இருக்கும், சரி, உயரத்தை இரண்டு மடங்காக்கினாலும் 30 கோடிதான், முடிவு மாறவில்லை. அங்கே இருக்கிற அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட், நாள் முழுக்க முழுவேகத்தில் ஓடினாலும் 60 லட்சம் யூனிட்தான். புவியீர்ப்பு அவ்வளவு மெலிந்த விசை, ஒரு டன் தண்ணீர் 20 மீட்டர் இறங்கினால் கிடைப்பது ஒரு யூனிட்டில் பதினெட்டில் ஒரு பங்கு, ஒரு ஃபேன் ஒரு மணி நேரம் ஓடக்கூட முக்கி முனக வேண்டும்.

நீட்டில் இப்போது 180 நிமிடத்துக்கு 180 கேள்வி, அதில் 45 இயற்பியல், கால்குலேட்டர் கிடையாது. நான்கு விடைகளும் பத்து மடங்கு இடைவெளியில் நின்றால் ஒரு இலக்கத் துல்லியமே போதும், 9.8ஐ 10 ஆக்குங்கள், பை வர்க்கத்தையும் 10 ஆக்குங்கள். விடைகள் நெருக்கமாக, 8.7, 8.9 என்று இருந்தால் மட்டும் நிதானமாகப் பெருக்குங்கள். எது எந்த வகை என்று விடைகளை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசியாக அவளுக்குக் கொடுத்த கணக்கு இது, நீங்களும் போட்டுப் பாருங்கள். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, தரையிலிருந்து 6 மீட்டர். அதை நிரப்ப 60,000 ஜூல் போதும், அது ஒரு யூனிட்டில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் வீட்டில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் கால் யூனிட் போகிறது, பதினைந்து மடங்கு. மீதி எங்கே போகிறது, அதை வைத்து உங்கள் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா? அவள் ஓரத்தில் '300 அடி' என்று எழுதிவிட்டு, மோட்டார் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று அம்மாவிடம் கேட்க எழுந்து போனாள்.